பால் மரத்துக்குப் போட்டியாக வந்த மஞ்சள் பூ



மின்விளக்கையும் பாட்டுப் பெட்டியையும் உலகத்துக்குக் கொடுத்த தாமஸ் ஆல்வா எடிசனை நம் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். அந்த மனிதர் தம் வாழ்நாளின் கடைசி நான்கு ஆண்டுகளை எதற்காகச் செலவிட்டார் என்பதைப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. மலாயாவின் பால் மரத்துக்குப் பதிலாக வேறொரு செடியைக் கண்டுபிடிக்கவே அவர் அந்த ஆண்டுகளைச் செலவிட்டார். அதாவது, நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து மரம் சீவிச் சம்பாதித்த பிழைப்புக்கு ஒரு மாற்று தேடினார். அவர் கண்டெடுத்தது, சாலையோரத்தில் யாரும் விதைக்காமலே முளைக்கும் ஒரு மஞ்சள் பூச்செடி.

அதன் பெயர் கோல்டன்ராட். பொற்கோல் என்று தமிழில் சொல்லலாம். வட அமெரிக்கா அதன் சொந்த மண். அங்கே நூறு வகைக்குக் குறையாமல் இருக்கிறது. சாமந்தி, சூரியகாந்தி, நம் லயத்துப் பாதையோரம் கிடக்கும் மூக்குத்திப் பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். பொற்கோலும் அந்தக் குடும்பந்தான். இடுப்பளவோ தோளளவோ வளரும். மண்ணுக்கடியில் தண்டு ஓடி, நம் லாலாங் புல்லைப்போல் கூட்டங் கூட்டமாகக் கிளம்பும். உச்சியில் மிளகளவுப் பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி, மஞ்சள் பூசிய கதிர்போல் சாய்ந்து நிற்கும். ஆகஸ்டில் பூக்கத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வயல் வரப்பெல்லாம் மஞ்சளாக்கிவிடும். நெப்ராஸ்கா மாநிலம் 1895-ஆம் ஆண்டிலும், கென்டக்கி மாநிலம் 1926-ஆம் ஆண்டிலும் இதைத் தங்கள் மாநில மலராக ஏற்றன.

எடிசனுக்கு முன்பே ஒருமுறை இந்தச் செடி ஒரு தோட்டப் பயிருக்குப் பதிலாக நின்றிருக்கிறது. 1773-ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் ஆங்கிலேயக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். தேயிலையைத் தொட மாட்டோம் என்று இருந்த அந்தக் காலத்தில், சோம்பு வாசம் வீசும் ஒரு வகைப் பொற்கோலின் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். முதலில் தேயிலைக்கு, பிறகு ரப்பருக்கு. தோட்டப்புற மக்களாகிய நமக்கு இந்தப் பூவோடு ஏதோ ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது!

ரப்பர் கதைக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்ததும் ரப்பர் விலை விழுந்தது. தோட்ட முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். அப்போது சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அமைந்த குழு ஒன்று பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை சொன்னது. மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெளியேறும் ரப்பரை அளவு கட்டி அனுப்பினால் விலை தானே ஏறும் என்பது அந்த யோசனை. 1922-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி திட்டம் நடப்புக்கு வந்தது. விலையும் ஏறியது. 1925-ஆம் ஆண்டில் ராத்தல் ரப்பர் ஓர் அமெரிக்க டாலருக்கு மேல் போயிற்று.

உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கா. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பரின் கடிவாளமோ லண்டனில் இருந்தது. அமெரிக்க வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் இதை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பேசி முடித்தார். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில், ரப்பர் மரத்தின் தாய் மண்ணிலேயே, ஒரு தோட்டம் போட்டார். இந்த இருவருக்கும் நண்பர் எடிசன். 1927-ஆம் ஆண்டு மூவரும் பணம் போட்டு ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். எடிசனுக்கு அப்போது வயது எண்பது. காதும் கேட்காது. ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் என்னும் ஊரில் அவருடைய குளிர்கால வீட்டருகே ஆய்வுக்கூடம் எழுந்தது.

எடிசன் விதித்த நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். செடி அமெரிக்க மண்ணில் வளர வேண்டும். பால் மரம்போல் ஆறேழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் ஒரே ஆண்டில் பலன் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தால் அறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஏன் இயந்திரம்? அமெரிக்காவில் கூலி அதிகம். மலாயாவில் ஒரு மனிதன் நிரை பிடித்து, மரம் மரமாக நடந்து, பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிசாகச் சீவி, மங்கு வைத்து, பிறகு வாளி தூக்கிப் பால் சேர்த்த அந்தக் கைவேலைதான் ரப்பரை மலிவாக்கி வைத்திருந்தது. அந்தக் கூலிக்கு அமெரிக்காவில் ஆள் கிடைக்காது என்பது எடிசனுக்குத் தெரியும். நம்மவர்களின் உழைப்பு எத்தனை மலிவாக வாங்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆட்கள் கார்களில் ஏறித் தென் மாநிலங்களில் அலைந்து கண்ட செடியையெல்லாம் பிடுங்கி அனுப்பினார்கள். எருக்கின் உறவான பால் செடிகள், அத்தி வகைகள், களைகள் என்று 17,000-க்கும் அதிகமான மாதிரிகள் சோதிக்கப்பட்டன. கடைசியில் தேறியது பொற்கோல். 1929-ஆம் ஆண்டு வாக்கில் எடிசன் அதிலேயே முழுக் கவனத்தையும் வைத்தார். நல்ல செடிகளைத் தேர்ந்து தேர்ந்து பயிரிட்டு, பன்னிரண்டு அடி உயரம் போகும் ஒரு வகையை உருவாக்கினார். அதன் இலையில் 12 சதவிகிதம் வரை ரப்பர் கிடைத்ததாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனாலும் அது தோற்றது. பால் மரத்தில் பட்டையைச் சீவினால் பால் ஒழுகும். பொற்கோலைச் சீவினால் எதுவும் ஒழுகாது. அதன் ரப்பர் இலையின் நுண்ணறைகளுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. அறுத்து, உலர்த்தி, அரைத்து, இரசாயனத் திரவங்களில் ஊற வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வந்த ரப்பரும் பிசுபிசுப்பு, இழுத்தால் தாங்காது. ரப்பர் என்பது ஒரே கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி போன்றது. பால் மரத்தில் அந்தச் சங்கிலி நீளம், பொற்கோலில் குட்டை. பலமில்லாததற்குக் காரணம் அதுதான்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. டச்சுக்காரர்கள் தங்கள் தீவுகளில் கட்டுப்பாடில்லாமல் உற்பத்தி செய்ததால் ஸ்டீவன்சன் திட்டம் 1928-ஆம் ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரமே சரிந்தது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி எடிசன் காலமானார். 1932-இல் ரப்பர் ராத்தல் மூன்று அமெரிக்கக் காசு அளவுக்கு இறங்கியது. அந்த விலைக்கு எந்தச் செடியும் போட்டி போட முடியாது. எடிசனின் பொற்கோல் தோற்றதால் மலாயாத் தோட்டத் தொழிலாளி வாழ்ந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டுகளில் இங்கே கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பூவும் தோற்றது, வெட்டுக்காரனும் தோற்றான்.

இன்னொரு முறையும் அந்தச் செடியை நினைத்தார்கள். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வழி அடைபட்டது. ஜார்ஜியா மாநிலத்தில் அரசு விவசாய ஆராய்ச்சியாளர்கள் மறுபடி பொற்கோலைப் பயிரிட்டார்கள். இங்கேயோ வாங்குவாரின்றிப் பால் வெட்டு நின்ற தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். போரின் தேவையைத் தீர்த்தது கடைசியில் தொழிற்சாலையில் செய்த செயற்கை ரப்பர். பொற்கோல் பழையபடி வரப்போரத்துக்குத் திரும்பியது.

எடிசனின் கணக்கெல்லாம் இலையைப் பற்றியது. அந்தச் செடியின் பூவை நம்பி ஓர் உலகமே இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நமக்கு இலையுதிர் காலம் என்றால் ஆண்டின் தொடக்கத்தில் பால் மரம் சில வாரங்கள் மொட்டையாக நின்று துளிர்ப்பதுதான். துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலையும் சேரும் இடத்தில், தேன் சுரக்கும். தோட்டத்தில் தேன் பெட்டி வைத்தவர்களுக்கு இது தெரியும். இங்கே இலை உதிர்ந்தால் பூச்சிக்கு விருந்து வரப்போகிறது என்று அர்த்தம். வட அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே இலை உதிரத் தொடங்கினால் பஞ்சம் வருகிறது. நவம்பருக்குப் பிறகு பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். ஒரு பூ இருக்காது. அந்தக் கதவு அடைபடுமுன் கடைசியாகத் திறந்திருக்கும் கடை பொற்கோல். அதோடு ஊதா நிறத்தில் பூக்கும் ஆஸ்டர் செடிகளும் உண்டு.

தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். தேன் பெட்டியில் வளரும் தேனீ அமெரிக்காவின் சொந்தப் பிராணி அல்ல. ஐரோப்பியர்கள் 1622-ஆம் ஆண்டு வர்ஜீனியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தது. நம்மைப்போல் கப்பலேறி வந்த கூட்டம் என்று வையுங்கள். அது குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள் ஒன்றையொன்று ஒட்டி, சிறகுத் தசையை அதிர வைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டு உயிர் தரிக்கும். அந்த அடுப்புக்கு விறகு, சேர்த்து வைத்த தேன். அதில் பெரும் பங்கு பொற்கோல் தேன். இந்தத் தேன் பதமாகும் நாட்களில் கூடு ஈரக் காலுறைபோல் நாறும் என்று அங்குள்ள தேனீ வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஒட்டுப்பால் மூட்டையோடு பழகிய நமக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.

அந்த மண்ணின் சொந்தத் தேனீக்கள் நிலைமை இன்னும் கடினம். உடல் பருத்து மயிரடர்ந்த பம்பிள் தேனீ என்று ஒன்று உண்டு. குளிர் வந்ததும் அதன் கூட்டத்தில் அத்தனையும் மடியும். அந்த ஆண்டு பிறந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியே புகுந்து வசந்தம்வரை தூங்கும். உண்ணாமல் அத்தனை மாதம் தாங்குவதற்கான கொழுப்பை இலையுதிர் காலப் பூக்களில்தான் அவை சேர்க்க வேண்டும். வேறு சில தேனீக்கள், கூட்டமாக வாழாமல் தனித்து வாழ்பவை, பொற்கோலும் அதன் உறவுச் செடிகளும் தவிர வேறெந்தப் பூவின் மகரந்தத்தையும் குஞ்சுக்கு ஊட்டுவதில்லை. அந்தப் பூ இல்லையென்றால் அந்த இனமே இல்லை.

மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியின் கதை எல்லாவற்றிலும் விந்தை. நம்மூரில் எருக்கஞ்செடியில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கு இது நெருங்கிய உறவு. அரை கிராம் எடை. கோடையில் பிறப்பது சில வாரங்களே வாழும். இலையுதிர் காலத்தில் பிறப்பது எட்டு மாதம்வரை வாழ்ந்து, கனடாவிலிருந்து மெக்சிகோ மலைகள்வரை நாலாயிரம் கிலோமீட்டருக்குப் பறக்கும். வழி நெடுகப் பொற்கோல் பூவில் இறங்கித் தேன் குடித்து, அதைக் கொழுப்பாக்கிச் சுமந்து செல்லும். இவை எங்கே போய்த் தங்குகின்றன என்பது வெகு காலம் விஞ்ஞானிகளுக்குப் புதிராக இருந்தது. கனடாக்காரரான ஃபிரெட் அர்க்கார்ட் என்பவர் தொடங்கிய தேடலின் பலனாக 1975-ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்சிகோவின் மலைக்காட்டில், ஊசியிலை மரங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி லட்சக்கணக்கில் அவை தொங்கிக்கொண்டிருந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது.

இனி, செடிக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவனைப் பார்ப்போம். பொற்கோல் தண்டில் கோலிக்குண்டு அளவில், சில நேரம் அதைவிடப் பெரிதாக, ஒரு வீக்கம் காணப்படும். வசந்த காலத்தில் ஒரு சிறு ஈ குருத்தில் முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைந்ததும் தண்டு வீங்கி அதற்கு வீடாகிறது. சுவரே உணவும் ஆகிறது. வளர்ந்த ஈக்கு எதையும் கடித்துத் துளைக்கும் வாய் கிடையாது. ஆகவே குளிர் வருமுன் புழுவே வெளித்தோல்வரை சுரங்கம் வெட்டி, மெல்லிய தோலை மட்டும் விட்டு வைத்துவிட்டு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை குளிரிலும் சாகாது. உடம்பு நீர் உறைந்தாலும் உயிரணுக்கள் கெடாதபடி கிளிசரினும் ஒரு வகைச் சர்க்கரைச் சத்தும் அதன் உடலில் ஊறியிருக்கும். வசந்தத்தில் ஈயாக மாறி, தலையால் முட்டித் தோலைக் கிழித்து வெளிவரும்.

பென்சில்வேனியாவில் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் ஆப்ரஹாம்சனும் அவரோடு உழைத்த ஆர்தர் வைஸும் இந்தப் புழுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வீடு சிறியதாக இருந்தால் ஒரு குளவி தன் ஊசியை உள்ளே செலுத்தி முட்டையிட்டுவிடும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்னும். சுவர் தடித்தால் ஊசி எட்டாது. ஆனால் வீடு பெரிதானால் குளிர்காலத்தில் பசித்து அலையும் மரங்கொத்தியின் கண்ணில் அதுதான் முதலில் படும். நடுத்தர வீடு கட்டியவனே பெரும்பாலும் தப்புகிறான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களும் இந்தப் புழுவைத் தேடி எடுத்துத் தூண்டிலில் கோப்பதுண்டு.

இப்படி இலை தின்னும் புழுக்கள், மகரந்தம் தின்னும் கறுப்பு மஞ்சள் பட்டை வண்டுகள், சாறு உறிஞ்சும் அசுவினிகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட பூச்சி வகைகள் இந்த ஒரே செடியை அண்டியிருக்கின்றன. அவற்றைப் பிடிக்கப் பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்தி வெள்ளைப் பூவில் வெள்ளையாக இருந்தது, பொற்கோலுக்கு வந்தால் மெல்ல மஞ்சளாகிவிடும்.

இத்தனைக்கும் ஊரில் இந்தப் பூவுக்குக் கெட்ட பெயர். அது பூக்கும் மாதத்தில் பலருக்கும் தும்மலும் கண்ணரிப்பும் வரும். பழி பளிச்சென்று தெரியும் மஞ்சள் பூவின் தலையில் விழும். உண்மையில் அதே சமயம் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பூ பூக்கும் ராக்வீட் என்ற களையின் மகரந்தம்தான் காற்றில் பறந்து மூக்கில் ஏறுகிறது. பொற்கோலின் மகரந்தம் கனமும் பிசுக்கும் உள்ளது. பூச்சி சுமந்தால்தான் நகரும்.

தின்பவர்கள் இத்தனை பேர் இருப்பது செடிக்குக் கேடல்லவா என்று கேட்கலாம். தின்பவர்கள் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அழகுக்காக 1935-ஆம் ஆண்டு சீனாவுக்குக் கொண்டுபோன கனடாப் பொற்கோல் அங்கே வயலையும் தரிசையும் அடைத்துக்கொண்டது. இன்று அதை வெட்டி எரித்து மாளவில்லை. ஜப்பானிலும் இதன் நெருங்கிய உறவான ஒரு வகையோடு இதே போராட்டம். ஊரில் அதை அடக்கி வைத்த பூச்சிகள் கூடவே கப்பலேறவில்லை. நம் பால் மரத்தின் கதையும் ஒரு வகையில் இதேதான். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளோடு அதன் தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் வரவில்லை. அதனால் மலாயாவில் மரம் தழைத்தது. ஃபோர்டு பிரேசிலில் போட்ட தோட்டமோ அந்த நோயாலும் பூச்சிகளாலும் அழிந்து, 1945-ஆம் ஆண்டு பிரேசில் அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அந்த நோய் இன்றுவரை காலூன்றவில்லை.

அண்மையில் பொற்கோலைப் பற்றி இன்னொரு கணக்கு எடுத்தார்கள். இந்த முறை ரப்பருக்காக அல்ல. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842-ஆம் ஆண்டிலிருந்து உலர்த்தித் தாளில் ஒட்டிக் காத்துவரும் பொற்கோல் செடிகள் உள்ளன. லூயிஸ் ஸிஸ்கா என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பழைய பூக்களின் மகரந்தத்தையும் 2014-ஆம் ஆண்டு வரையுள்ள புதிய பூக்களின் மகரந்தத்தையும் ஒப்பிட்டு 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மகரந்தத்தில் உள்ள புரதச் சத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட இது குறைந்து வந்திருக்கிறது. தேனீக்குப் புரதம் கிடைப்பது மகரந்தம் ஒன்றிலிருந்துதான். முன்பு இரண்டு நடையில் கொண்டுவந்து சேர்த்த சத்துக்கு இப்போது அது மூன்று நடை பறக்க வேண்டும். அக்டோபரில் அங்கே பகலோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது.